வளைவில் மட்டும் நாற்பது

மகன் ரெனாந்தேவைப் புதைத்த பிறகு, அவன் ஓட்டிய ஜப்பான் குட்டி லாரியை விற்றுவிட நினைத்தார் தெயோதுலோ. புகிட்னோன் மலைச்சாலையில் முட்டைக்கோஸ் ஏற்றி வந்தவன் வளைவில் உருண்டுவிட்டான். புதைப்பதற்கு முந்தின இரவு, துக்க வீட்டில் கண்விழிக்க ஊர் வழக்கப்படி சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் முன்னாலேயே, "வேகப் பைத்தியம். சொன்னா கேட்டாத்தானே" என்று திட்டினார்.

நசுங்கிய லாரியை நிமிர்த்திக் கொடுத்த மெக்கானிக் நீலோ வேறு விதமாகச் சொன்னான். "சேத்துக்காகப் பெரிய டயர் மாட்டியிருக்கான் அண்ணே. அதுல வேக முள் குறைச்சுக் காட்டும். நாப்பதுன்னு நம்பி அம்பதுல வந்திருக்கான்."

"செத்தவனுக்கு வக்காலத்து வாங்காத. முள்ளைச் சரிபண்ணு, விக்கணும்."

நீலோ மீட்டரின் பல்சக்கரத்தை மாற்றினான். சரிபார்க்க, தெயோதுலோ லாரியை ஓட்டினார். பக்கத்தில் பைக்கில் வந்த நீலோ தன் வேகத்தைக் கத்திச் சொன்னான். "முப்பது" என்றான். முள்ளும் முப்பது. மகன் உருண்ட அந்த வளைவு வந்தது. "முப்பது" என்றான். முள் நாற்பதில் நின்றது. வளைவு தாண்டியதும் முப்பதுக்கு வந்துவிட்டது.

நீலோ கழற்றிப் பார்த்தான். கோளாறு இல்லை. மறுபடி ஓட்டினார்கள். வளைவில் மறுபடியும் நாற்பது.

"உன் வேலை லட்சணம்" என்றார் தெயோதுலோ.

மறுநாள் தனியாகப் போனார். வளைவில் லாரியை நிறுத்தி, சாவியையும் எடுத்துவிட்டார். முள் நாற்பதிலேயே இருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பதுன்னு நம்பித்தான்டா வந்திருக்க" என்றார்.

முள் மெல்லப் பூஜ்யத்துக்கு இறங்கியது. மறுபடி ஏறுமென்று இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். ஏறவே இல்லை.