முகக்காப்பு

வழக்கறிஞர் ஞானதுரைக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததும் நீதிமன்றம் முகக்காப்பு வழங்கியது. அவர் உயிரோடு இருக்கும்வரை அவர் முகம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. பழைய புகைப்படங்களில்கூட வெறும் மங்கல்தான். கொலைகாரன் ஒருவன் கண்ணுக்கு மட்டும் என்று தனியாக மறைக்க வழியில்லையாம். மனைவி எஸ்தரின் கண்ணுக்கும் சேர்த்தே மறைத்தார்கள். அதன்பின் பிறந்த மகள் ஜெபா, அப்பாவின் மூக்கையும் மீசையையும் தடவித்தான் அறிந்திருந்தாள்.

அன்று அவர் கோர்ட்டுக்குக் கிளம்பிய சற்று நேரத்தில் கூடத்திலிருந்து ஜெபா கத்தினாள்.

"எம்மா, ஓடி வா! கல்யாணப் படத்துல அப்பா மூஞ்சி தெரியுது!"

எஸ்தர் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கைப்பேசி அடித்தது, அவள் எடுக்கவில்லை.

"வந்து பாரும்மா, அப்பா சிரிக்காவ! என்னை மாதிரியே கன்னத்துல குழி விழுதும்மா!"