மாமனாரின் கியர் பாக்ஸ்

வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டு, மல்லாந்து படுத்து, வாசலில் நின்ற மாமனாரின் காருக்கு அடியில் நகர்ந்தான்.

உயரமான பழைய வண்டி. ஜாக்கி தேவைப்படவில்லை.

இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த மனிதர். மூன்றாவது வாரம் ஓடுகிறது. ரிமோட் அவர் கையில். சாய்வு நாற்காலியும் அவருக்கு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். போன வாரம் மாடித் தொட்டியைக் கழுவுகிறேன் என்று இருந்த தண்ணீரையெல்லாம் அவன் திறந்துவிட்டான். அதற்கப்புறம்தான் மோட்டார் ரிப்பேர் என்று தெரிந்தது. குளிக்காமல் ஆபீஸ் போனான். மாமனார் ஒரு சொந்தக்காரர் பாக்கியில்லாமல் போன் போட்டுச் சொன்னார்.

"எங்க மாப்ள முதல்ல கொட்டுவாரு. அப்புறந்தான் யோசிப்பாரு."

பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சிரித்தார். அன்றைக்கே மாப்பிள்ளை ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். இந்த ஆள் இனி இந்த வீட்டில் இருக்கக் கூடாது.

நேற்று வழி பிறந்தது. மாமியார் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறது, பீரோவையெல்லாம் நகர்த்த வேண்டும், நாளைக் காலையே கிளம்பி வந்து சேருங்கள். மாமனாரின் முகம் தொங்கிப்போனது.

"கியர் வேற விழ மாட்டேங்குது. வழியெல்லாம் மலைப்பாதை," என்று மத்தியானம் தட்டைப் பார்த்து முனகினார். "என் வண்டிய யாரையும் தொட விட்டதில்ல. என்ன ஆகப்போகுதோ."

மாப்பிள்ளை சாயங்காலம் ஒரு பையோடு வீடு திரும்பினான். பையில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. மாமனார் மட்டும் அதை ஒரு தடவை பார்த்தார்.

"மாப்ளே, அரம் இருக்கா? சமையக்கட்டுல கத்தி மொட்டையா கெடக்குது. போறதுக்கு முன்னாடி தீட்டிக் குடுத்துடறேன்."

வெகுநேரம் வாசலிலிருந்து ராவுகிற சத்தம் கேட்டது.

இப்போது வண்டிக்கு அடியில் போல்ட் இளகியது. கறுப்பு எண்ணெய் கொழகொழவென்று பேசினில் இறங்கியது. கடைசிச் சொட்டுவரை வடியவிட்டு போல்ட்டைத் திரும்ப முடுக்கினான்.

"என்னங்க."

தலையை இடித்துக்கொண்டான். முதலில் மனைவியின் பாதங்கள் தெரிந்தன. பிறகு அவள் முகம், தலைகீழாக.

"கையில கிளவுஸ். எங்கப்பா வண்டி. மலைப்பாதை," என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "கேலி பண்ணாருன்னு இப்படியா பழி தீர்ப்பீங்க?"

"கத்தாத. இது பிரேக் ஆயில் இல்ல. கியர் ஆயில்."

"எந்த ஆயிலா இருந்தா என்ன, கொலை கொலைதானே?"

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு டப்பா உருண்டு வந்தது. சீல் பிரிக்காத புது கியர் ஆயில்.

"பழசை வடிச்சுட்டுப் புதுசு ஊத்தறேன்டி. வழியில கியர் பாக்ஸ் படுத்துக்கிச்சுன்னா உங்கப்பா எங்க வருவாரு? நேரா இங்கதான். அவரு பத்திரமா வீடு போய்ச் சேரணும்னு இந்த உலகத்துல என்னைவிட ஆசைப்படற ஆள் கிடையாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அது வாஸ்தவம்," என்றுவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

இனி ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. ஊற்றும் துளை கியர் பாக்ஸின் விலாவில் இருந்தது. அதற்குத் தனியாக ஒரு போல்ட். ஸ்பேனரை மாட்டித் திருப்பினான். வழுக்கியது. வேறொரு ஸ்பேனர். அதுவும் வழுக்கியது. டார்ச் அடித்துப் பார்த்தான். வண்டியின் வயிறெல்லாம் துரு. அந்த போல்ட்டின் தலை மட்டும் பளபளவென்று, கூழாங்கல் மாதிரி உருண்டையாக இருந்தது. பிடித்துத் திருப்ப ஒரு முனைகூட மிச்சமில்லை.

நம் ஸ்பேனர்தான் தேய்த்துவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

விடிந்ததும் மெக்கானிக்குக்குப் போன் போட்டான்.

"ஆயில் இல்லாம ஒரு அடி நகர்த்தாதீங்க சார். பல்லெல்லாம் பொடியாயிடும். நான் ஊருக்கு வந்திருக்கேன். வர பத்து நாள் ஆகும்."

மாமனார் குளித்துவிட்டுப் பெட்டியோடு வந்து நின்றார். தொட விடாத வண்டியைத் தொட்டாயிற்று. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். அவர் கோபப்படவேயில்லை.

"ஊத்துற போல்ட் கழலுதான்னு பாத்துட்டுதான் வடிக்கிற போல்ட்ல கை வெக்கணும் மாப்ளே," என்றார் பரிவாக. "விடுங்க. நல்லது நெனச்சுத்தானே செஞ்சீங்க."

பிறகு மாமியாருக்குப் போன் போட்டார். "நான் என்ன பண்ணட்டும்? வண்டி நின்னுபோச்சு. மாப்ளயத் திட்டாத, பாவம். நீ ஆளை வெச்சு பீரோவ நகர்த்திக்க. வெள்ளையடிச்சு முடிக்கறதுக்குள்ள வந்துடறேன்."

பெட்டி உள்ளே போனது. மாமனார் சாய்வு நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடித் திறந்து, ரிமோட்டை எடுத்தார். மாப்பிள்ளை மறுபடி ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

சமையலறையிலிருந்து மகளின் குரல் வந்தது: "ஏம்ப்பா, நேத்து அவ்வளவு நேரம் அரத்த வெச்சு ராவுனீங்களே, கத்தி இன்னும் மொட்டையாத்தானே இருக்கு?"