அருவிக்கரைப் பசி

ஐந்தருவியில் சாரல் அடிக்கிறது. குளித்துக் கரையேறியவர்களுக்கெல்லாம் பசி. வடைக்கடைச் சட்டியில் எண்ணெய் இரைகிறது. ஈரத்தலையோடு பாறையில் உட்கார்ந்திருக்கிறாள் ஆவுடைத்தாய். மூட்டுவாதத்துக்குத் தென்காசி டாக்டர் தந்த ஸ்டீராய்டு என்ற புது மாத்திரையில் வலி அடங்கிவிட்டது. ஆனால் முகம் வீங்கி, வளையல்கள் மணிக்கட்டில் இறுகிக் கிடக்கின்றன. பசியும் அடங்குவதில்லை. உப்பும் எண்ணெய்ப் பலகாரமும் தொடவே கூடாது என்று டாக்டரின் கண்டிப்பு. மடியில், உப்பில்லாத கோதுமைக் கஞ்சி தூக்குவாளியில் ஆறுகிறது. கடைக்குப் பின்னால் போன கணவன் நல்லதம்பி துண்டால் வாயைத் துடைத்தபடி வருகிறான். "எனக்குப் பசிக்கலட்டி, நீ குடி" என்று அருவியைப் பார்த்துச் சொல்கிறான். மீசையில் பருப்புத் துணுக்கு ஒன்று ஒட்டியிருக்கிறது. அவள் எழுந்து முந்தானையால் அதைத் துடைத்துவிடுகிறாள். "வடையில உப்பு சரியா இருந்துச்சா?"