அணைத்த கை

“ஸ்விட்சை அணைச்ச கை இதோ நிக்குது. இவகிட்டயே கேளுங்க தம்பி, அலாரத்தை எங்க மாட்டலாம்னு” என்றாள் மாமியார்.

எலக்ட்ரீஷியன் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு மருமகளைப் பார்த்தார். அவள் தலை நிமிரவில்லை.

பழைய வீடு எரிந்து மூன்று மாதம் ஆகிறது. அன்று காலை ஹால் லைட்டை அணைத்துவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள். ராத்திரி டியூட்டி முடித்து வந்த புருஷன் உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். பத்து மணி வாக்கில் ஹாலில் சார்ஜர் வெடித்து சோபாவில் தீப்பிடித்தது. தீ அலாரம் கத்தவில்லை. தீ அவனை நெருங்கவே இல்லை. புகையே போதுமானதாக இருந்தது.

‘லைட் ஸ்விட்ச் அணைஞ்சிருந்துச்சு. அலாரத்துக்கும் அதுலேருந்துதான் கரண்ட்’ என்று தீயணைப்புக்காரர் சொல்லிவிட்டுப் போனார். மாமியார் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“எம்புள்ளைய எழுப்ப இருந்தது அது ஒண்ணுதான். அதையும் அணைச்சுட்டுப் போயிட்டா.”

“விடுங்கம்மா. யாரும் வேணும்னு செய்யறதில்ல.”

“உங்களுக்கு இருக்கற மனசு இவளுக்கு இல்லையே. பழைய வீட்டுல நீங்க அலாரம் மாட்டினப்போ பட்டனை அழுத்திக் காட்டினீங்க, தெருவே திரும்பிப் பார்த்துச்சு. உங்க வேலையில குறை சொல்ல முடியுமா?”

அவர் டிரில்லை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். மருமகள் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மாமியார் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

“அண்ணா, ஒண்ணு கேக்கவா?”

“கேளும்மா.”

“நான் அந்த லைட்டை அணைக்காமப் போயிருந்தா, அது கத்தியிருக்குமா?”

டிரில் நின்றது.

“இப்ப எதுக்கும்மா அதெல்லாம்.”

“கத்தியிருக்குமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.”

“கத்தியிருக்கும்.”

அவள் மெல்லத் தலையாட்டினாள். ஏற்கெனவே தெரிந்த பதில்தான்.

“ஆள் இல்லாத ஹால்ல லைட் எதுக்குன்னு அணைச்சேன். அதே ஸ்விட்ச்லதான் அதுவும் ஓடுதுன்னு எனக்குத் தெரியாதுண்ணா. தெரிஞ்சு வெச்சிருந்திருக்கணும், இல்ல?”

அவர் இரண்டு ஸ்க்ரூவை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டார். அப்புறம் வேலை முடியும்வரை பேச வேண்டியிருக்கவில்லை.

மெயின் போர்டிலிருந்து புது வயர் இழுத்து, சுவரோரமாக ஆணியடித்துக் கொண்டுபோய், கூரையில் அலாரத்தை மாட்டினார். பட்டனை அழுத்தினார். அது வீறிட்டது. மருமகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

தண்ணீர்ச் சொம்போடு வந்த மாமியார் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“இதுக்கு ஸ்விட்ச் எங்க தம்பி?”

“இல்லம்மா. மெயின்லேருந்து நேரா வருது. லைட்டை அணைச்சாலும் இது அணையாது.”

மாமியார் மருமகள் பக்கம் திரும்பினாள்.

“பாத்தியா? உன்னை நம்ப முடியாதுன்னு, உனக்காகவே தனியா வயர் இழுத்திருக்கார். உன் லட்சணம் ஊருக்கே தெரிஞ்சுபோச்சு.”

“ஆமாத்தை” என்றாள் மருமகள். பிறகு அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். “ரொம்ப நன்றிண்ணா.”

எந்த வீட்டிலும் அலாரத்தை இப்படித்தான் மாட்ட வேண்டும், பழைய வீட்டில் லைட் வயரில் அதைக் கோத்துவிட்டது தன் சோம்பேறித்தனம் என்பதைச் சொல்லாமலே, அவர் ஏணியை மடக்கினார்.