புளி குறைந்த தொக்கு

மூடி உப்பியிருந்தது. விரலால் அழுத்தினான். அமுங்கி, மறுபடி எழுந்தது.

காலையில் நாச்சிமுத்து அண்ணன் போன் செய்திருந்தார். இவர்கள் தோட்டத்துத் தக்காளித் தொக்கை உடுமலையில் விற்பவர். யாரோ திறந்தபோது பாட்டில் சீறியதாம். நல்லவேளை, சாப்பிடவில்லையாம்.

ஒவ்வொரு பேட்சிலும் ஒரு பாட்டிலை விற்காமல் வைத்திருப்பது அவன் மனைவி நிவேதாவின் வழக்கம். புகார் வந்தால் திறந்து பார்க்க. இதுவரை எதையும் திறக்க வேண்டி வந்ததில்லை.

இது அவள் கிண்டிய கடைசி பேட்ச்.

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

மூடியைத் திருகினான். காற்று வெளியேறியது. வெந்தயம், பூண்டு, நல்லெண்ணெய். அடுப்படி பல நாள் கழித்து மணந்தது.

ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்க்கலாம்.

கூடாது. உணவுத் தொழில்நுட்பம் படித்தவன். புளிப்பு போதாத தொக்கில், மூடிய பாட்டிலுக்குள் என்ன வளரும் என்று தெரியும். ஒரு துளி போதும் என்றும் தெரியும்.

புளிப்பு பார்க்கும் மீட்டரை நனைத்தான். புளிப்பு குறையக் குறைய ஏறும் எண், வரம்பைத் தாண்டி நின்றது.

துடைத்து, மறுபடி நனைத்தான்.

அதே எண்.

மருந்து அவள் வாயைக் கெடுத்திருந்த சமயம் அது. பால்கூடப் புளிக்கிறது என்று தள்ளி வைத்தாள். அந்த நாக்கால்தான் ருசி பார்த்திருக்கிறாள். போதும் என்று புளிக்கரைசலை நிறுத்தியிருக்கிறாள். மீட்டரைத் தேடியிருக்க மாட்டாள். அவள் நாக்கு அதுவரை தவறியதில்லை.

லேபிளில் அவள் பெயர்தான் இருந்தது. நிவேதா தொக்கு.

போனை எடுத்தான்.

அந்த பேட்ச் முழுவதையும் அலமாரியிலிருந்து இறக்கச் சொன்னான். வாங்கியவர்களைக் கூப்பிட்டு, திறக்க வேண்டாம் என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டான். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தானே நேரில் போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னான். அபராதம் போட்டால் போடட்டும்.

நாச்சிமுத்து அண்ணன் எல்லாவற்றுக்கும் சரி என்றார். பிறகு தயங்கினார். இந்த பேட்சைக் கிண்டியது யார் என்று கேட்டார்.

"நாந்தானுங்ண்ணா."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"அதானே பாத்தேன். அந்தப் புள்ள கை பட்டிருந்தா இப்பிடி ஆகுமா?"

அவன் மூடியை மெதுவாகத் திருகி மூடினான்.

"ஆகாதுங்ண்ணா."