பத்தாவது கட்டம்

வாக்குச் சீட்டில் ஒன்பது பெயர்களுக்கு எதிரே டிக் போட்டாயிற்று; பத்துப் பேருக்கு மேல் போட முடியாது. பத்தாவது கட்டத்துக்கு யார் என்று தெரியாமல் ஹார்லனின் பேனா கால் மணி நேரமாக அந்தரத்தில் நின்றது.

"மணி பதினொண்ணு அம்பது, பேப்பர்க்காரரே," என்றாள் தபால் ஆபீஸ் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த வெர்னிஸ். "இன்னிக்கு அரை நாள்தான், மதியம் பன்னெண்டு அடிச்சா ஷட்டரை இறக்கிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

டிசம்பர் முப்பத்தொன்று. இன்றைய தேதி முத்திரை விழாத சீட்டு செல்லாது.

நாற்பது வருஷம் பேஸ்பால் பற்றி எழுதியதற்குக் கிடைத்த மரியாதை அந்தச் சீட்டு. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களில் யார் ஹால் ஆஃப் ஃபேம் என்கிற புகழ் மண்டபத்துக்குள் போகலாம் என்று சொல்கிற உரிமை. நூற்றுக்கு எழுபத்தைந்து வாக்கு வாங்கியவன் உள்ளே. ஐந்துகூடத் தேறாதவன் முதல் வருஷமே பட்டியலை விட்டு வெளியே. நடுவில் தொங்குகிறவனுக்குப் பத்து வருஷம் தவணை, அவ்வளவுதான்.

டென்னி கோவாக்குக்கு இது பத்தாவது வருஷம். போன தடவை மூன்றே மூன்று வாக்கில் கோட்டைவிட்டான்.

ஒன்பது வருஷமும் ஹார்லன் அவனுக்குப் போட்டதில்லை. ஒன்பது வருஷமும் இதே கவுண்டரில் வெர்னிஸ் அதற்காக அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். அவருடைய பத்திரிகை ஆசிரியர்களைவிட அவளுக்கு ஆட்டம் தெரியும். அது அவருக்கும் தெரியும்.

"பார்னெட்டுக்குத்தான் போடப்போறேன். நானூத்தி முப்பத்தெட்டு ஹோம் ரன், தாயே! விளையாட்டா?"

"அடிச்சான், யார் இல்லேன்னா? பந்து அவன் பக்கம் வந்தா மட்டும் நட்டு வச்ச கம்பம் மாதிரி நிப்பான். கோவாக்கைப் பார்த்திருக்கீங்களா, இல்ல கணக்குப் புஸ்தகத்தைத்தான் பார்த்தீங்களா?"

பார்த்திருக்கிறார். ஹார்லன் எதிரணி ஊர்க்காரர்தான், ஆனாலும் பார்த்திருக்கிறார்.

ஒரு செப்டம்பர் மதியம். ரெண்டாம் பேஸை நோக்கி ஒருவன் காலணி ஆணிகளைத் தூக்கிக்கொண்டு சறுக்கி வருகிறான். கோவாக் பந்தை வாங்குகிறான், சறுக்கி வருகிறவனைத் தாண்டித் தாவுகிறான், தாவினபடியே திரும்பிப் பார்க்காமல் முதல் பேஸுக்கு எறிகிறான். ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். பத்திரிகைக்காரர்கள் உட்காருமிடத்தில் கை தட்டக் கூடாது, அது எழுதாத சட்டம். ஹார்லன் எழுந்து நின்று கை தட்டினார். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

சக நிருபர்கள் அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

"கை தங்கம்தான்," என்று ஒத்துக்கொண்டார். "ஆனா கடைசி மூணு வருஷம்? மட்டையைத் தூக்கவே சோம்பல். சராசரி அதல பாதாளத்துக்குப் போச்சு. சோம்பேறியை எப்படி உள்ள விடறது?"

வெர்னிஸ் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தாள். முகம் சிவந்துவிட்டது.

"சோம்பலா? வலது முழங்கால் உள்ளுக்குள்ளேயே கிழிஞ்சு போச்சு அவனுக்கு. படி ஏற முடியல. ஃப்ரீசர்ல இருக்கற பட்டாணிப் பொட்டலத்தைக் கால்ல கட்டினாத்தான் சாப்பிடவே உக்காருவான். சொன்னா ஆட விடமாட்டாங்கன்னு டாக்டர்கிட்டகூட வாயைத் திறக்கல. அந்தக் காலோட நானூத்தம்பது ஆட்டம் ஆடினான், தெரியுமா?"

ஹார்லன் நிமிர்ந்தார்.

"இது எந்தப் பேப்பர்லயும் வரலையே, வெர்னிஸ். உனக்கு யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? பட்டாணி வாங்கிட்டு வந்தவளே நான்தான். பதினோரு வருஷம் அவன்கூடக் குடித்தனம் பண்ணியிருக்கேன்."

அவர் பார்வை அவள் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டைக்குப் போயிற்று. வெர்னிஸ் டாலிவர். பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிற அட்டை. அவளுடைய அப்பா வீட்டுப் பெயர் அது என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"ஒன்பது வருஷமா ஏன் சொல்லல?"

"வெளியில சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டான். கல்யாணத்தப்ப பண்ணின சத்தியத்தை அவன் காப்பாத்தல. நான் இதை இன்னிவரைக்கும் காப்பாத்தினேன்." முத்திரைக் கட்டையை மறுபடி கையில் எடுத்தாள். "இன்னிக்கு விட்டா அவனுக்கு வேற நாள் இல்ல."

"அப்ப, புருஷனுக்கு வாக்குக் கேக்கறே."

"முன்னாள் புருஷன்," என்று வெட்டினாள். "புருஷனா இந்தச் சீட்டுல நின்னிருந்தா அஞ்சு பர்சென்ட்கூடத் தேறியிருக்க மாட்டான். முதல் வருஷமே நானே வெளியில தள்ளியிருப்பேன். நான் கேக்கறது ரெண்டாம் பேஸ்ல நின்னவனுக்கு. அவனை மாதிரி ஒருத்தனை நான் பார்த்ததில்ல, ஹார்லன். நீங்களும் பார்த்ததில்ல."

உண்மைதான். அவரும் பார்த்ததில்லை.

கோவாக்கின் பெயருக்கு எதிரே டிக் போட்டார். உறையை ஒட்டி நீட்டினார். வெர்னிஸ் முத்திரையை மையில் இரண்டு தடவை ஒற்றி, தேதி பளிச்சென்று தெரிகிற மாதிரி அழுத்திக் குத்தினாள்.

"ஜெயிச்சா அவன்கிட்ட சொல்லட்டுமா, உன்னாலதான்னு?"

"ஐயையோ, வேண்டவே வேண்டாம்." ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குனிந்து அவரைப் பார்த்தாள். "தலைகால் தெரியாம ஆடுவான். அந்த முழங்காலுக்கு ஆகாது."