நசுங்காத எலுமிச்சை

மூன்று வருடமாகச் செங்கல் மேல் நின்ற பழைய கான்டெஸா காருக்குப் புது டர்போ இன்ஜினும் டிஸ்க் பிரேக்கும் பூட்டி, குப்புராஜ் அன்று காலை கீழே இறக்கினார். அவர் மனைவி ரத்தினா அதன் பானெட்டில் வடகம் காயப்போட்டதோடு சரி. காருக்குள் வந்து உட்காரக் கூப்பிட்டால், “மொதல்ல ஓடட்டுங்க” என்பாள். ஆனாலும் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, பின்னால் போய் நின்றாள். பழைய இன்ஜினை மிதித்த பழக்கத்தில் அவர் ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தாக அழுத்திவிட்டார். வண்டி சீறிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய் நின்றது. மூன்று பழங்கள் நசுங்கின. நான்காவது பின்சக்கரத்திலிருந்து தெறித்து, துணிக்கொடிக்கு மேலே பறந்து வந்து ரத்தினாவின் கைகளில் முழுதாக விழுந்தது. குப்புராஜ் முகம் வாடி இறங்கி வந்தார். “நசுங்கலையே ரத்தினா, சகுனம் சரியில்லையோ? வேற ஒண்ணு வெக்கலாமா?” அவள் பழத்தை முகர்ந்து பார்த்தாள். ரப்பர் வாசனை அடித்தது. இன்னும் சூடாக இருந்தது. நேரே நடந்துபோய்க் கதவைத் திறந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். பழத்தை மடியில் வைத்து, அதன் மேல் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். “அதெல்லாம் வேண்டாங்க. இப்ப எடுத்தீங்கல்ல, அதே மாதிரி இன்னொருக்கா எடுங்க.”